வெண்கூரையும் வாடகை வீடும்

அஸர் தொழுகையின் நேரத்தைக் கற்பிக்கும்போது மாணவர்களை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று ஒரு குச்சியை நட்டுக் காட்டுவது எங்கள் ஆசிரியர்களின் வழக்கம். அதை நானும் விடாது பின்பற்றி வருகிறேன். சூரியன் உச்சி சாயும் வேளையில் அக்குச்சிக்கு எஞ்சியிருக்கும் நிழலைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் குச்சியின் நீளத்துக்குச் சமமான நிழல் கூடினால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்கும். இரு மடங்கு கூடினால் ஹனஃபீ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி தொடங்கும். அந்த எஞ்சிய நிழலைப் பற்றிப் பேசும் ஃபிக்ஹு நூலார், சில ஊர்களில் சில நாள்களில் அந்நிழல் அறவே இல்லாமற்போகும் என்பதையும் சொல்லத் தவறவில்லை. சென்னை அத்தகைய ஊர்களுள் ஒன்று. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் அமைந்த இந்நகரத்தில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் நண்பகலில் குச்சிக்கு நிழல் விழுவதில்லை.

குச்சிக்கு நிழல் இல்லாத அவ்வேளையில் வீட்டின் சுவர்கள்மீது நேர்வெயில் படுவதும் இல்லை. வெயில் முழுவதும் கூரையின்மீதே இறங்குகிறது. அந்த ஒரு நாளோடு இது முடிந்துவிடுவதுமன்று. ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதிவரை நண்பகற் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரான நிலையிலிருந்து 11 பாகைக்கு மேல் விலகுவதில்லை. குளிர்நாட்டு வீட்டுக்குச் சன்னலும் சுவரும் எப்படியோ, அப்படி நம் வீட்டுக்குக் கூரை. வெப்பத்தை உள்ளே விடுவதா, திருப்பி அனுப்புவதா என்பது அங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது.

இராயபுரத்திலிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்வரை செல்பவர் ஏதேனும் ஓர் உயர்ந்த கட்டடத்தின் மாடியிலிருந்து கீழே நோக்கினால் மூன்று வகைக் கூரைகளைக் காண்பார். காலத்தால் கறுத்த காங்கிரீட் தளம் ஒன்று. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மற்றொன்று. துருவேறிய தகரம் மூன்றாவது. இக்கூரைகளின்கீழ் வாழ்வோர் யாவர்? துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் இரவுப் பணி முடித்துவிட்டுப் பகலில் கண்ணயர வேண்டியவர்கள். பகல் முழுதும் அடுப்படியில் நிற்கும் பெண்கள். வெளியே செல்ல இயலாத முதியவர்கள். மேல்மாடி அறையில் திருமறையை மனனம் செய்யும் பிள்ளைகள். பல ஆண்டுகளுக்கு முன் நான் பாடம் நடத்திய ஒரு மாடியறை ஷீட்டால் வேயப்பட்டது. லுஹருக்குப் பின் அங்கே மின்விசிறியைச் சுழலவிட்டால் புழுக்கம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. மாணவர்களின் சோர்வைச் சோம்பல் என்று நான் கடிந்துகொண்டதும் உண்டு. குற்றம் எங்கிருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அதைச் சிறிது விளக்க வேண்டும். நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அஃதாவது ஓர் இஸ்திரிப் பெட்டியின் வெப்பம். 300 சதுர அடிக் கூரையின்மீது ஏறத்தாழ 28 இஸ்திரிப் பெட்டிகள் ஒரே வேளையில் எரிகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். கறுத்துப்போன பழைய கூரை இவற்றுள் இருபதுக்கு மேற்பட்டவற்றின் வெப்பத்தை உள்வாங்கிக்கொள்கிறது. புதிதாக வெண்பூச்சுப் பூசிய கூரையோ ஐந்தாறு பெட்டிகளின் வெப்பத்தையே ஏற்று, மற்றதை வந்த வழியே வானுக்குத் திருப்பிவிடுகிறது. ஏற்ற வெப்பத்திலும் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். எஞ்சியது கூரையின் அடிப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து அனலாகக் கீழே இறங்குகிறது. கூரைக்குக் கீழ் அமர்ந்திருப்பவர் காற்றின் சூட்டை மட்டும் உணர்வதில்லை. அடுப்பின்முன் அமர்ந்தவர்போல் தலைக்கு மேலுள்ள சூடான பரப்பின் அனலையும் தாங்குகிறார். மின்விசிறி அந்த அனலைத் தடுக்காது. ஷீட்டை ஒட்டி நிற்கும் சூடான காற்றைக் கீழே தள்ளவும் செய்யும்.

ஒளியைத் திருப்பி அனுப்புவது மட்டும் போதுமென்றால் பளபளக்கும் புதுத் தகரமே சிறந்த கூரையாயிருக்க வேண்டும். நடைமுறையில் அதைத் தொட்டால் கை சுடுகிறது. காரணம் இதுதான்: ஒரு பொருளுக்கு இரு குணங்கள் வேண்டும். வரும் ஒளியைத் திருப்பும் குணம் ஒன்று. ஏற்றுக்கொண்ட வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத கதிராக வெளியே உமிழ்ந்துவிடும் குணம் மற்றொன்று. தகரம் முதலாவதில் ஓரளவு தேறும், இரண்டாவதில் தோற்றுவிடும். வாங்கியதை இறுகப் பற்றிக்கொள்ளும் உலோபியைப் போன்றது அது. சுண்ணாம்பும் வெண்பூச்சும் இரண்டிலும் தேறுகின்றன. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருவதால், கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுவது மட்டும் போதாது. அக்கதிர்களையும் திருப்ப வேண்டும். இதற்கென ஆக்கப்படும் பூச்சுகள் சாதாரணச் சுவர்ப் பூச்சினின்று வேறுபடுவது இங்கேதான்.

பயன் எவ்வளவு என்று கேட்பவர்க்கு அளவோடு விடை சொல்வதே நேர்மை. கடும் வெயிலில் கறுத்த கூரையின் மேற்பரப்பு 65 டிகிரி செல்சியசையும் தாண்டக்கூடும். வெண்கூரை அதைவிட 25 டிகிரிக்கு மேல் குறைந்திருக்கலாம். ஆனால் அறைக்குள் உணரப்படும் வேறுபாடு பொதுவாக 2 முதல் 5 டிகிரிவரைதான். அந்தப் பயனும் கூரைக்கு நேர்கீழே உள்ள தளத்துக்கே உரியது. நான்கு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் வாழ்பவர்க்கு ஏதும் இல்லை. குளிரூட்டும் கருவி உள்ளவர் இதை அற்பமென்று கருதக்கூடும். இரவு முழுதும் உழைத்துவிட்டு வந்து பகலில் உறங்க முயல்பவருக்கு 3 டிகிரி அற்பமன்று.

வெண்மையால் வெயிலை வெல்லும் வழக்கம் அரபு மக்களுக்கு நன்கு தெரிந்ததே. காசாபிளாங்கா என்று நாம் அறியும் மொரோக்கோ நகரத்தின் அரபுப் பெயர் அத்தாருல் பைளா. வெள்ளை வீடு என்பது அதன் பொருள். அல்ஜியர்ஸ் நகரத்தையும் வெள்ளை நகரம் என்றே வழங்குவர். துனீசியக் கடற்கரை ஊர்களில் சுவரும் கூரையும் சுண்ணாம்பால் ஒளிரும். இதைக் கண்டு சிலர், வெள்ளை உடையைச் சிறப்பித்த நபிமொழியை எடுத்துக்கொண்டு, வெப்பவியல் அன்றே சொல்லப்பட்டுவிட்டது என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அந்நபிமொழி தூய்மையைப் பற்றிப் பேசுகிறது. அதன்மேல் இயற்பியலை ஏற்றுவது ஹதீஸுக்கும் மரியாதையன்று, இயற்பியலுக்கும் மரியாதையன்று. வெப்பத்தைப் பற்றி மார்க்கம் நேராகவே பேசிய இடம் வேறு உண்டு. கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையை வெயில் தணியும்வரை பிற்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இதை 'இப்ராத்' என்பர். வெப்ப நாட்டில், தொலைவிலிருந்து பள்ளிவாசலுக்கு நடந்து வருவோருக்கு இது உரியது என்று ஷாஃபிஈ அறிஞர்கள் விரித்துரைத்தார்கள். வெயில் மனிதனை வருத்துகிறது என்பது சட்டத்தில் கணக்கில் கொள்ளப்பட்ட ஒன்று. திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் இல்லத்தைக் குறிக்க ஆளும் 'ஸகன்' என்ற சொல்லின் வேரில் அமைதி, ஓய்வு என்ற பொருள் இருக்கிறது. ஓய்வு கிடைக்காத கூரையை இல்லம் என்று அழைப்பது எங்ஙனம்?

நம் ஊருக்கும் தனி மரபு உண்டு. முத்தியால்பேட்டை, மண்ணடி, இராயபுரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகள் 'மெட்ராஸ் டெரஸ்' என்று கட்டடக்காரர் வழங்கும் முறையில் அமைந்தவை. தேக்கு விட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கி, இறுதியில் தட்டோடு பதிப்பார்கள். சென்னையின் கிளிஞ்சல் சுண்ணாம்பு சலவைக்கல்லைப் போல மின்னியதென்று பழைய ஐரோப்பியப் பயணிகள் வியந்ததும் உண்மை. எனினும் அந்த மினுமினுப்பு சுவர்களுக்கும் தூண்களுக்குமே வாய்த்தது. கூரையைக் காத்தது அதன் கனம். பகல் வெப்பம் அந்தச் சுண்ணாம்பு அடுக்குகளைக் கடந்து கீழே வருவதற்குள் மாலைக் கடற்காற்று எழுந்துவிடும். பின்னர் வந்த மெல்லிய காங்கிரீட் தளத்துக்கு அந்தக் கனமும் இல்லை, வெண்மையும் இல்லை. பகலில் குடித்த வெப்பத்தை அது இஷாவுக்குப் பின்னும் நெடுநேரம் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. ஷீட்டின் இயல்பு வேறு; விரைவில் காய்ந்து விரைவில் ஆறும். ஆகவே காங்கிரீட் வீட்டார் இரவிலும், ஷீட் வீட்டார் பகலிலும் அல்லற்படுகின்றனர்.

அகமதாபாதில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று பின்னர் ஆய்வாளர் கணக்கிட்டனர். அந்நகரம் 2013இல் வெப்பத்துக்கெனச் செயல்திட்டம் வகுத்தது. 2017இல் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ 3,000 கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணம் பூசியது. தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டு, 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் பரப்பை இலக்காக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பிலும் அம்பத்தூரில் ஓர் அரசுப் பள்ளியிலும் சோதனை முறையில் குளிர்கூரை அமைத்துப் பார்த்தார்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவியும் வரையறுக்கப்பட்டது. 2003 மே இறுதியில் சென்னையில் 45 டிகிரி பதிவானதை நினைவில் வைத்திருப்பவர்கள் இவ்வறிவிப்பின் தேவையை உணர்வர்.

பெரும்பாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் பொருந்தியது எண்ணூருக்கு அப்படியே பொருந்துமா என்பதுதான் என் கேள்வி. வெண்கூரையின் பகைவன் அழுக்கு. தூய்மையான இடத்திலேயே வெயிலின் ஆற்றலில் நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பிய பூச்சு, மூன்று ஆண்டுகளில் 60 பங்கு என்ற அளவுக்கு இறங்கிவிடுவது இயல்பு. வட சென்னையிலோ வானிலிருந்து இறங்குவது வெயில் மட்டுமன்று. இராயபுரம் கடற்கரையோர மக்கள் பல்லாண்டுகள் துறைமுகத்து நிலக்கரித் தூளோடு வாழ்ந்தார்கள். கொடியில் உலர்த்திய வெள்ளைத் துணி கறுத்துப்போகும். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையை அடுத்து 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத்தாதையும் கையாள்வது நிறுத்தப்பட்டு, அப்பணி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டது. இராயபுரம் மூச்சுவிட்டது, கரி வடக்கே நகர்ந்தது. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டபோதிலும், அதற்கு அப்பால் வட சென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களும் அவற்றின் சாம்பற் குளங்களும் இருக்கின்றன. கன்டெய்னர் லாரிகளின் புகை, கடற்காற்றின் உப்பு, மழைக்குப் பின் படரும் பாசி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே வெள்ளையடித்த கூரை ஒரு கோடைக்குள் சாம்பல் நிறம் பூணக்கூடும். கழுவினால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும் என்பது ஆறுதலான செய்தி. அப்படியானால் வட சென்னையில் குளிர்கூரை என்பது ஒருமுறை வாங்கிப் பூசும் பொருளன்று. தொடர்ந்து செய்ய வேண்டிய பராமரிப்பு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021இல் ஒளியில் நூற்றுக்கு 98 பங்கைத் திருப்பும் வெண்பூச்சை உருவாக்கினர் என்ற செய்தியைப் பலர் என்னிடம் வியந்து கூறினர். நம் கடற்கரையின் ஈரக்காற்று கூரை உமிழும் வெப்பத்தை வானுக்கு எளிதில் போகவிடாது. சாம்பல் படிந்தால் அந்த 98உம் நில்லாது.

பராமரிப்பு என்றவுடன், யார் செய்வது என்ற வினா எழுகிறது. இப்பகுதியில் வாழ்வோரில் பலர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். வெப்பம் குடியிருப்பவருக்கு, கூரை உரிமையாளருக்கு. பூசினால் நன்மை தமக்கில்லை என்று உரிமையாளர் விட்டுவிடுகிறார். அடுத்த ஆண்டு வீட்டைக் காலி செய்யச் சொன்னால் போட்ட பணம் வீண் என்று குடியிருப்பவர் தயங்குகிறார். நடுவில் கூரை கறுத்துக்கொண்டே போகிறது. குளிர்கூரை பற்றிய அறிக்கைகளில் பொறியியல் நிறைய இருக்கிறது. இந்த வழக்குக்கு இன்னும் விரிவான இடம் தேவை. நம் ஃபிக்ஹு நூல்கள் இதை எப்போதோ பேசி முடித்துவிட்டன.

ஹிஜ்ரி 676இல், கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் சிரியாவின் நவா என்னும் ஊரினர். குளிர்காலத்தில் பனி பொழியும் நாடு அது. அவர்களுடைய 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலின் குத்தகைப் பாடத்தில் ஒரு நுட்பமான பிரிவினை காணப்படுகிறது. வீட்டின் கூரைமீது விழுந்த பனியை வாரி அகற்றுவது வாடகைக்கு விட்டவரின் பொறுப்பு. முற்றத்தில் விழுந்த பனியையும் குப்பையையும் அகற்றுவது குடியிருப்பவரின் பொறுப்பு. மாணவப் பருவத்தில் இவ்விடத்தை ஓதியபோது, பனியையே காணாத நமக்கு இது எதற்கு என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். இன்று எண்ணூர்ச் சாலையில் ஒரு வீட்டின் கூரையைக் காணும்போது அந்த வரி நினைவுக்கு வருகிறது. நம் கூரைகளிலும் ஏதோ விழுந்துகொண்டுதான் இருக்கிறது. நிறம் மட்டும் வேறு.

பனியோடு சாம்பலை ஒப்பிடுவது பொருந்துமா என்று ஆலிம்கள் கேட்கலாம். பனியின் கனத்தால் கூரை கெடும் என்ற அச்சம் அங்கே உண்டு, சாம்பலுக்குக் கனமில்லை. ஏற்கிறேன். ஆனால் ஹனஃபீ நூல்கள் இன்னும் நெருங்கி வருகின்றன. ஒளரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பெற்ற 'ஃபதாவா ஆலம்கீரி'யில், வாடகை வீட்டைச் செப்பனிடுவதும், அதற்குக் களிமண் பூசுவதும், கூரைநீர்க் குழாயைச் சீர்செய்வதும் வீட்டின் உரிமையாளரைச் சாரும் என்ற சட்டம் உள்ளது. களிமண் பூச்சை 'தத்யீன்' என்பர். மண்கூரை நாடுகளில் மழையையும் வெயிலையும் தாங்கக் கூரைக்குக் காலந்தோறும் இடும் பூச்சு அது. நம் வெண்பூச்சுக்கு இதைவிட நெருங்கிய முன்னோடி வேண்டுமா? உரிமையாளர் செய்ய மறுத்தால் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது, குடியிருப்பவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம் என்பதே இரு மத்ஹபுகளின் போக்கு. திருவொற்றியூரில் முன்பணம் கொடுத்துவிட்டுத் தொழிற்சாலைக்கு அருகே ஓர் அறை பிடித்தவருக்கு அந்த உரிமையால் எவ்வளவு பயன் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எனவேதான் இதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது: பூச்சு உரிமையாளர் செலவு, கழுவுதல் குடியிருப்பவர் உழைப்பு. இருவர்க்கும் இடையில் செய்யப்படும் நியாயமான நிபந்தனைக்கு மார்க்கத்தில் தடையில்லை.

தனியாரைக் கட்டாயப்படுத்த இயலாது என்றால், கட்டாயம் உள்ளவர் ஒருவர் இருக்கிறார். அவர் வக்ஃபுச் சொத்தின் முத்தவல்லி. வக்ஃபின் வருவாயில் முதற்செலவு அச்சொத்தின் பராமரிப்பே. வக்ஃபு செய்தவர் அதை நிபந்தனையாக எழுதினாலும் எழுதாவிட்டாலும் அதுவே சட்டம் என்று ஹனஃபீ அறிஞர்கள் வகுத்துள்ளனர். பள்ளிவாசல்களுக்குச் சொந்தமான வாடகை வீடுகள், கடைகள், மதரஸாக் கட்டடங்கள் ஆகியவற்றின் கூரைகளுக்கு வெண்பூச்சு இடுவதை முத்தவல்லி ஒருவர் தர்மமாகச் செய்ய வேண்டியதில்லை, கடமையாகவே செய்யலாம். ரமளானை முன்னிட்டுப் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் நம்மிடம் எங்கும் உண்டு. மினாராவும் முகப்பும் புதுப்பொலிவு பெறும். எவர் கண்ணிலும் படாத மேல்தளத்தை விட்டுவிடுவோம். வெயில் பார்ப்பது அந்த மேல்தளத்தைத்தான்.

காலமும் இப்போது கூடி வருகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்து, தளம் நன்கு உலர்ந்தபின் தை, மாசி மாதங்களில் பூசுவதே முறை. அதற்கு முன் பூசினால் மழை கரைத்துவிடும். 2025இல் ரமளான் மார்ச் தொடக்கத்தில் வந்தது, 2026இல் பிப்ரவரியில். பிறை ஆண்டு ஒவ்வொரு முறையும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் இப்பொருத்தம் சில ஆண்டுகளே நீடிக்கும். வழக்கத்தை ஏற்படுத்திவிட இதுவே தருணம்.

செய்முறையில் சில எச்சரிக்கைகள் தேவை. வசதியுள்ளோர் இதற்கென விற்கும் பூச்சையோ வெண்ணிறக் கூலிங் டைல்ஸையோ நாடலாம். வசதியற்றோர் நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, ஒட்டுப்பசை சிறிது கலந்து இரண்டு மூன்று முறை பூசலாம். அது மலிவு, ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்குக் கேடு. பிள்ளைகளைக் கொண்டு இவ்வேலையைச் செய்விக்கலாகாது. விரிசலும் ஒழுக்கும் இருந்தால் முதலில் அவற்றை அடைக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உலர்ந்த நிலையில் கம்பித் தூரிகையால் சுரண்டவே கூடாது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலைப் பாழாக்கும். நீர் தெளித்து நனைத்து, மென்மையாகத் துடைத்தபின் பூச வேண்டும். பழைய ஷீட் ஆள் பாரத்தைத் தாங்காது. பலகை இட்டு, அதன்மேல் இருந்தே பூச வேண்டும். மழைநீரைச் சேமிக்கும் வீடுகளில் பூசியபின் பெய்யும் முதல் மழையின் நீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றிவிட வேண்டும்.

கழுவுவதற்கு நீர் எங்கே என்று திருவொற்றியூர் அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். குடிநீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருவில் அது நியாயமான கேள்வி. பள்ளிவாசல்களில் உளூச் செய்த நீர் நாள்தோறும் சாக்கடைக்குப் போகிறது. அது தூய்மையான நீரே. பயன்படுத்தப்பட்ட நீரால் மீண்டும் உளூச் செய்வது கூடாதென்பது பெரும்பாலோர் கருத்து, ஆனால் கூரை கழுவுவதற்கு எந்த மத்ஹபிலும் தடையில்லை. ஒரு சிறு தொட்டியும் ஒரு மோட்டாரும் இருந்தால் பள்ளிவாசலின் மேல்தளத்தை மாதம் ஒருமுறை கழுவ அந்த நீர் போதும்.